தோசைத் திருப்பியும் காரின் எர்த் கம்பியும்

மகளே, மகனே, இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். தமிழ் படிக்க உங்களுக்கு நேரமாகும் என்று தெரியும். நம் கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தே தமிழ் கற்றவர்கள் நீங்கள். மெதுவாகப் படியுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை. புரியாத இடம் வந்தால் அம்மாவிடம் கேளுங்கள். அவள் தன் பங்கைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாள். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் மகள் போனில் சொன்னாளே: "அப்பா, நான் வாங்கின பழைய கார் மக்கர் பண்ணுது. சாவி திருகினா டக்குங்குது, அவ்வளவுதான். லைட்டெல்லாம் பளிச்சுனு எரியுது. மெக்கானிக் செல்ஃப் மோட்டாரையே மாத்தணும்கிறான்." நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டாள். நான் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்த 'டக்' எனக்கு ரொம்ப நாள் பழக்கம். எப்படிப் பழக்கம் என்று சொல்லத்தான் இவ்வளவு தாள் செலவு.

தொண்ணூறுகளின் தொடக்கம். கல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம் நம் கடை இப்போது இருப்பதில் பாதிதான் இருந்தது. ஒரு தோசைக் கல், ஒரு கிரைண்டர், முன்னால் நாலு ஸ்டூல். மகள் அம்மாவின் இடுப்பில் இருந்தாள். மகன் இன்னும் வந்து சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. ஆனால் கல்லுக்குத்தான் விடுமுறை, எங்களுக்கு இல்லை. இட்லி மாவு, மிளகாய்ப் பொடி, முறுக்கு எல்லாவற்றையும் பழைய அம்பாசடரில் ஏற்றிக்கொண்டு கிடர்பூர், கார்டன் ரீச் குவார்ட்டர்ஸ்களுக்குப் போவோம். மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய. அம்மா ஒவ்வொரு வீட்டிலும் மாவைக் கொடுத்துவிட்டுக் காப்பி குடிப்பாள், மருதாணி வைத்துக்கொள்வாள், யார் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டு வருவாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவளுக்கு அடுப்பு இல்லை. திரும்பி வரும்போது அவள் முகமே வேறு முகமாக இருக்கும்.

டிரைவர் ஒருவர் இருந்தார். சொந்த ஊரில் நிலம் பார்த்துக்கொள்ளப் போனவர் திரும்பி வரவில்லை. கார் வாசலிலேயே நின்றது. நீங்கள் என்னைக் கேலி செய்யும் விஷயம் இங்கேதான் வருகிறது: உங்கள் அப்பாவுக்குக் கார் ஓட்ட வராது. கற்றுக்கொள்ளப் போகாமல் இல்லை. கிளட்சிலிருந்து காலை எடுக்கும்போது பிரேக்கிலிருந்தும் எடுத்துவிடுவேன். பிரேக்கை மிதிக்கும்போது கண்ணையும் மூடிக்கொள்வேன். சொல்லிக் கொடுக்க வந்தவர் கடைசியில் மிக மரியாதையாக, "தாதா, நீங்க பின் சீட்டுல உட்கார்றதுதான் எல்லாருக்கும் நல்லது" என்றார். (ஊரிலிருந்து வந்த உங்கள் சித்தப்பா, என்னை எல்லோரும் தாதா என்று கூப்பிடுவதைக் கேட்டு, நான் இங்கே ரவுடி வேலை பார்க்கிறேனோ என்று பயந்துபோனார். கல்கத்தாவில் அண்ணனைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள் என்று புரியவைக்க அரை நாள் ஆனது.)

சரி, விற்றுவிடுவோம் என்று முடிவு செய்தேன். 'விற்பனைக்கு' என்று வங்காளத்தில் எழுதி வாங்கி, பின்கண்ணாடியில் மைதாப் பசையால் ஒட்டினேன். கிடர்பூரில் லாரி ஷெட் வைத்திருந்த ஒருவர் வந்து பார்த்து, எடுத்துக்கொள்கிறேன் என்றார். அன்று அம்மா மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"ஏங்க, உங்களுக்கு வரலன்னா எனக்கும் வராதுன்னு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. யாரும் யோசிக்கவும் இல்லை, அவ்வளவுதான். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். மாவு அரைக்கும் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஏரிக்கரை ரோட்டில் கியர் மாற்றினாள். எங்களுக்குள் ஒரு பேச்சு வைத்துக்கொண்டோம். அவள் லைசென்ஸ் டெஸ்டில் பாஸானால் கார் நம்முடையது. இல்லையென்றால் அன்று சாயங்காலமே சாவி கிடர்பூர்க்காரர் கைக்குப் போகும். அவருக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. அன்றைக்குள் தனக்குச் சொல்லாவிட்டால் வேறு வண்டி பார்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

டெஸ்டுக்குக் கிடைத்த தேதி விஸ்வகர்மா பூஜை முடிந்து இரண்டாம் நாள்.

இந்த ஊரில் விஸ்வகர்மா பூஜையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டில் கருவிகளுக்கு வருஷத்தில் இரண்டு பூஜை. புரட்டாசி பிறக்கும்போது ஊரோடு சேர்ந்து விஸ்வகர்மா பூஜை, பிறகு நவராத்திரியில் நமது ஆயுத பூஜை. கீழ்வீட்டுத் தாதா டிராம் ஓட்டுபவர். டிப்போவில் பூஜைக்கு எல்லாவற்றையும் பெயிண்ட் அடித்துப் பளபளப்பாக்கிப் பழக்கப்பட்டவர். ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய வெள்ளிப் பெயிண்டும் கறுப்புப் பெயிண்டும் அவர் வீட்டில் இருந்தன. பூஜைக்கு முந்தின நாள் இரண்டு டப்பாவையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் பேசுவது வங்காளம். நான் தமிழில் தருகிறேன்.

"பௌதியோட வண்டி! முகம் கழுவாம பூஜைக்கு நிக்கலாமா?"

பௌதி என்றால் அண்ணி, அதாவது உங்கள் அம்மா. அவளுக்கு ஒரே சந்தோஷம். பானெட்டைத் தூக்கினோம். தாதா சுத்தக்காரர். இருக்கிறதின் மேலேயே பூசிவிட்டுப் போகிற ஆள் இல்லை. பாட்டரியை இறக்கினார். கழற்றக்கூடிய பட்டை, கம்பி எல்லாவற்றையும் கழற்றி வரிசையாகச் செய்தித்தாளில் வைத்தார். எஞ்சினுக்கு வெள்ளி, அதைச் சுற்றியிருக்கும் இரும்புச் சட்டத்துக்குக் கறுப்பு. நான் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன், அவர் பிரஷ் பிடித்தார். ஒரு இடம் விடவில்லை. பட்டைகளின் முனைக்குக்கூட ஒரு கை அடித்துக் காயவைத்து, எது எங்கே இருந்ததோ அங்கேயே மறுபடி முடுக்கினார்.

"வெள்ளிக் குடம் மாதிரி இருக்கு தாதா" என்றாள் அம்மா.

"டிராமுக்கு இந்த மாதிரி எஞ்சின் இருந்தா நான் தினமும் அடிப்பேன். அதுக்கு மோட்டார் அடியில இருக்கு, யாருக்குத் தெரியுது!"

மறுநாள் பூஜை. வானம் முழுக்கப் பட்டம். ஒவ்வொரு மொட்டை மாடியிலிருந்தும் "போ காட்டா!" என்று கத்தல், எங்கோ ஒரு பட்டம் அறுந்து ஆடிக்கொண்டே இறங்கும். காருக்குச் செண்டுமல்லி மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். தாதாவின் வீட்டிலிருந்து கிச்சடி வந்தது, நம் வீட்டிலிருந்து சுண்டல் போனது. அம்மா சாவியைத் திருகினாள். எஞ்சின் கொஞ்சம் முனகி, இருமி, பிறகு பிடித்துக்கொண்டது. நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிவிட்டுத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். எதிர் டீக்கடைப் பெஞ்சு முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. முனகலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூஜை நாளில் வண்டிக்கும் கொஞ்சம் தூக்கம் வராதா என்றார் தாதா.

அடுத்த நாள் காலை. மறுநாள் டெஸ்ட். அம்மா கடைசியாக ஒரு தரம் ஓட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்து சாவியைத் திருகினாள்.

டக்.

இன்னொரு தரம். டக்.

ஹெட்லைட் போட்டுப் பார்த்தேன், கண் கூசியது. ஹாரன் அடித்தால் தெருவே திரும்பிப் பார்த்தது. சாவியைத் திருகினால் மட்டும் டக். டீக்கடைப் பெஞ்சு அப்படியே இடம் மாறி நம் வாசலுக்கு வந்துவிட்டது. பாட்டரி வீக் என்றார் ஒருவர். லைட் எரிகிறதே என்றேன். அப்படியானால் பாட்டரி ரொம்ப ஸ்ட்ராங் என்றார். ஒரு டாக்சிக்காரரிடம் பாட்டரி இரவல் வாங்கி மாட்டினோம். டக். கடைசியில் எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். உடனே பிடித்துக்கொண்டது! ஓடினால் ஒரு குறையும் இல்லை. நிறுத்தினால் மறுபடி டக்.

"தள்ளினா ஓடுதில்ல? விடுங்க. நாளைக்கு நாங்க எல்லாரும் டெஸ்டுக்கு வர்றோம்" என்றது பெஞ்சு.

"இன்ஸ்பெக்டர் பக்கத்துல உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணும்மான்னா, பின்னாடி திரும்பி ஆறு பேரைக் கைகாட்டவா?" என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். ஆனால் எனக்குத் தெரியும், அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

மத்தியானம் ஒரு மெக்கானிக் வந்து கேட்டுவிட்டு, செல்ஃப் மோட்டார் போய்விட்டது, கழற்றிக் காயில் கட்ட இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார். செல்ஃப் மோட்டார்தான் சாவியைத் திருகியதும் எஞ்சினைச் சுற்றிவிடுவது. அவர் போனபின் நான் மெதுவாகச் சொன்னேன், போகட்டும் விடு, நமக்குக் கொடுத்து வைத்தது அவ்வளவுதான் என்று. அவள் காரில் போய் உட்கார்ந்தாள். அவள் பாட்டுக்குச் சாவியைத் திருகுவதும் விடுவதுமாக இருந்தாள். டக். டக். டக். வெயில் சாய்ந்தது. தாதா வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து என் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் வெள்ளிக் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"ஏங்க, இங்க வாங்களேன்" என்று அம்மா கூப்பிட்டாள். "இந்த சோக் பிடியைத் தொட்டுப் பாருங்க."

"எதுக்கு?"

"சுடுது."

"வண்டியே ஓடலையே, எப்படிச் சுடும்?"

"அதைத்தானே நானும் கேக்குறேன். தோசைக் கல்லுல கை வச்சுப் பழகுன எனக்கே சுடுது."

சோக் என்பது டாஷ்போர்டில் இருக்கும் ஒரு குமிழ். காலையில் எஞ்சின் குளிர்ந்திருந்தால் அதை இழுத்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகும். குமிழிலிருந்து ஒரு இரும்புக் கம்பி, உறைக்குள் ஓடி, நேராக எஞ்சினுக்குப் போகிறது. சைக்கிள் பிரேக் கம்பி மாதிரிதான். கரண்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் தொட்டேன், கையை உதறினேன். தாதா தொட்டார், "ஆரே பாபா!" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார். உறை கருகும் வாசனை லேசாக வந்தது.

"இதுக்குள்ள எப்படி கரண்ட் வந்துச்சு?" என்றாள் அம்மா.

"வரும்போது வழி தப்பியிருக்கும்" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை. தெருமுனையில் ஒரு டிராம் மணியடித்துக்கொண்டு போனது. மேல்கம்பியில் ஒரு நீலப் பொறி தெறித்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "தாதா, வீட்டு பல்புக்கே ரெண்டு கம்பி வேணும். உங்க டிராமுக்கு மட்டும் மேல ஒரே கம்பி எப்படிப் போதுது?"

"ஒண்ணு எங்க பௌதி? மேல கம்பியில வரும், கீழ தண்டவாளத்துல திரும்பிப் போகும். தண்டவாளம்தான் ரெண்டாவது கம்பி. அது மட்டும் இல்லேன்னா..."

அங்கே நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது. பானெட்டுக்கு உள்ளே பார்த்தார், பெயிண்ட் டப்பா இருந்த மூலையைப் பார்த்தார். பிறகு நெற்றியில் ஓங்கி ஒரு அடி.

"சர்வநாஷ்! நான் தண்டவாளத்துக்குப் பெயிண்ட் அடிச்சுட்டேன்!"

எனக்கு அது புரிய கொஞ்ச நேரம் பிடித்தது. உங்களுக்கு நிதானமாகச் சொல்கிறேன். காரில் பாட்டரியின் பிளஸ்ஸிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கம்பிதான் போகும். திரும்பி மைனஸுக்கு வர வண்டியின் இரும்பு உடம்பேதான் வழி. ஹெட்லைட், ஹாரன் எல்லாம் உடம்பில் பிடித்திருப்பவை, அவற்றுக்குக் கவலை இல்லை. எஞ்சின் அப்படி அல்ல. அதிராமல் இருக்க அதை ரப்பர் துண்டுகளின் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். ரப்பரில் கரண்ட் போகாது. அதனால்தான் எஞ்சினுக்கும் உடம்புக்கும் நடுவே செம்பு இழைகளைச் சடை பின்னினாற்போல் பின்னிய ஒரு பட்டை. அதுதான் எர்த். செல்ஃப் மோட்டார் எஞ்சினில் இருக்கிறது. வண்டியிலேயே அதிகக் கரண்டை இழுக்கிறவனும் அவன்தான். தாதாவின் சுத்தத்தில் அந்தப் பட்டையைக் கழற்றி, அதன் அடியில் இருந்த வெறும் இரும்புக்குக் கறுப்பு அடித்து, பட்டையின் முனைக்கும் அடித்து, மேலே முடுக்கிவிட்டோம். பார்வைக்கு இறுக்கமாக இருக்கிறது, நடுவே பெயிண்ட் படலம். பூஜையன்று போல்ட்டின் மரை எங்கோ கொஞ்சம் உரசிக்கொண்டிருந்ததால் முனகி ஓடியது. மறுநாள் அதுவும் கைவிட்டது. அவ்வளவு கரண்டும் திரும்பிப் போக வழியில்லாமல், எஞ்சினையும் உடம்பையும் தொட்டுக்கொண்டிருந்த அந்த ஒல்லிச் சோக் கம்பியில் நெருக்கியடித்துக்கொண்டு புகுந்திருக்கிறது. சுடாமல் என்ன செய்யும்?

தாதா அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். அவள் கேட்கிற நிலையில் இல்லை. "அப்ப செல்ஃப் மோட்டார் நல்லாத்தான் இருக்கா? பெயிண்டைச் சுரண்டினா போதுமா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, கடைக்குள் ஓடினாள்.

வரும்போது கையில் பழைய தோசைத் திருப்பி. கல்லில் தேய்ந்து தேய்ந்து விளிம்பு கத்தி போல ஆகி, தோசையைக் கிழிக்கிறது என்று ஒதுக்கி வைத்தது.

மகளே, நீ செய்ய வேண்டியது இதுதான், அன்று நாங்கள் செய்தது. முதலில் பாட்டரியின் மைனஸைக் கழற்று. பிறகு எர்த் பட்டையின் இரண்டு முனையையும் கழற்று. பாட்டரியிலிருந்து உடம்புக்கு வரும் முனையையும் விடாதே. பட்டை உட்காரும் இடத்தில் பெயிண்ட், துரு, எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இரும்பு பளபளவென்று தெரிய வேண்டும். பட்டையின் முனையையும் இரண்டு பக்கமும் அப்படியே. இழைகள் அறுந்திருந்தால் புதுப் பட்டை போடு, காசு பார்க்காதே. வைத்து முடுக்கு, கையால் ஆட்டினால் ஆடக் கூடாது. முடுக்கிய பிறகு, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசு, துரு பிடிக்காது. முதலில் முடுக்கு, பிறகு பூசு. நாங்கள்தான் முதலில் பூசி பிறகு முடுக்கினோமே.

தாதா சுரண்டினார், நான் உப்புத்தாளால் தேய்த்தேன், அம்மா டார்ச் பிடித்தாள். நீயும் இடுப்பிலிருந்து கையை நீட்டி டார்ச்சைப் பிடுங்கப் பார்த்தாய். தன் கையால் அடித்த பெயிண்டைத் தானே சுரண்டும்போது தாதாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"கொஞ்சமா எடுங்க தாதா, அழகு போயிடும்" என்று சீண்டினாள் அம்மா.

"பௌதி, இனிமே நான் என் ஜன்னலுக்கு மட்டும்தான் அடிப்பேன்."

எல்லாம் முடுக்கியாயிற்று. அம்மா உட்கார்ந்தாள். சோக்கின் மேல் ஒரு கை, சாவியில் ஒரு கை. எனக்குப் பார்க்கத் தைரியமில்லை, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டேன்.

டக் வரவில்லை. இருமல்கூட இல்லை. தொட்ட உடனே எஞ்சின் சிரிக்கிற மாதிரி எழுந்தது. டீக்கடைப் பெஞ்சு அங்கிருந்தே கத்தியது: "போ காட்டா!" பட்டம் அறுத்தவன் கத்துவது அது. எதை அறுத்தோம் என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் நாங்களும் கத்தினோம்.

மறுநாள் டெஸ்டுக்கு அவளோடு நான் போனேன். பின் சீட்டில், எனக்கு உரிய இடத்தில். தாதா டியூட்டிக்குப் போயிருந்தார். இன்ஸ்பெக்டர் கண்ணாடி போட்ட, சிரிக்காத மனிதர். ஏறுவதற்கு முன் காரைச் சுற்றி வந்தவர் பின்கண்ணாடியைப் படித்துவிட்டுக் கேட்டார்:

"வண்டியை விற்கிறீங்களா?"

"அது உங்க கையிலதான் இருக்கு சார்" என்றாள் அம்மா, அவளுடைய வங்காளத்தில்.

அவர் முன்னால் ஏறிக்கொண்டார். மைதானத்தைச் சுற்றச் சொன்னார், பின்னால் எடுக்கச் சொன்னார். ஒவ்வொரு வளைவிலும் அம்மா இரண்டு முறை ஹாரன் அடித்தாள், தாதா டிராம் மணி அடிக்கிற அதே கணக்கில். அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பௌதி, இது காரா டிராமா?" என்றார். பிறகு மேட்டில் நிறுத்தி எஞ்சினை அணைக்கச் சொன்னார். அணைத்தாள். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

நான் பின்னால் இருந்து அவள் கழுத்தை மட்டும்தான் பார்த்தேன். சாவி திரும்பியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு விரல் அளவு பின்னால் போகாமல் மேட்டில் ஏறினாள். இன்ஸ்பெக்டர் இறங்கும்போது, "அந்தக் காகிதத்தைக் கிழிச்சிடுங்க" என்றார். அப்படித்தான் பாஸானது எங்களுக்குத் தெரிந்தது.

திரும்பி வரும் வழியில் டிராம் ரோட்டில் தாதாவின் வண்டி எதிரே வந்தது. அம்மா ஹாரனை அடித்தாள். அவர் எங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மணியை விடாமல் அடித்துக்கொண்டே போனார். டிராமில் இருந்தவர்கள் எல்லோரும் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

கிடர்பூர்க்காரருக்கு நான் போன் செய்தேன். அவர் வருத்தப்படவில்லை. அடுத்த ஞாயிறு மாவு கொண்டுவரும்போது அவர் வீட்டுக்கும் ஒரு கிலோ போடச் சொன்னார். அதை அம்மாதான் கார் ஓட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தாள்.

டெஸ்டில் பாஸான அன்று சாயங்காலம் அவள் டீக்கடைப் பெஞ்சுக்கே ஜிலேபி வாங்கிக்கொண்டு போனாள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, மேட்டில் ஏறியதைக் கையால் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரிப்புச் சத்தம் வாசல் வரை கேட்டது. நான் போகவில்லை. காரின் பின்னால் போய் நின்று, தோசைத் திருப்பியை எடுத்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த அந்தக் காகிதத்தை மெதுவாகச் சுரண்டினேன். மைதாப் பசை ஒரு மூலையில் வர மறுத்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், வந்தது. பிறகு டிக்கியைத் திறந்து, திருப்பியை ஜாக்கிக்குப் பக்கத்தில் வைத்து மூடினேன்.